பல்லாங்குழியில் ஒரு குடல்: இதுவரை நடந்தது

எங்கள் வீட்டுப் பல்லாங்குழியில் பக்கத்துக்கு 7, ஆக 14 குழி. எலியின் சிறுகுடல் உட்சுவரில் நுண்ணிய குழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் அடியிலும் 14லிருந்து 16 ஸ்டெம் செல்கள் (பிரிந்து பிரிந்து புதுச் செல்களை உண்டாக்கும் மூலச் செல்கள்) என்று படித்தேன். அன்றைக்கே பலகையைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.

அதற்கு முன் நிஜக் குடலைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. மஞ்சக்குப்பத்தில் ஒரு கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி வந்தேன். முதல் தடவை வீண். வெந்நீர் ஊற்றிச் சுரண்டிக் கொடுத்ததில் உள்பக்கம் மொழுமொழுவென்று ஆகிவிட்டது, குழம்புக்குத்தான் போனது. அடுத்த ஞாயிறு விடியற்காலையில் போய், கழுவாத சிறுகுடல் ஒரு சாண் கேட்டு வாங்கினேன். பிளந்து, தட்டில் தண்ணீர் விட்டு, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் டர்க்கி டவல் மாதிரி இருக்கிறது. தட்டை லேசாக ஆட்டினால் அத்தனை விரல்களும் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. குடலுறிஞ்சிகள். அவற்றின் அடியில் இருக்கும் குழிகள் மட்டும் தெரியவில்லை. மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றினால்தான் தெரியும்; அது எங்கள் சமையலறையில் ஆகிற காரியமில்லை.

குழியில் பிறக்கும் செல் வரிசையில் நகர்ந்து மேலேறி, விரலின் நுனிக்குப் போய் உதிர்கிறது. மூன்றிலிருந்து ஐந்து நாளில் கதை முடிந்துவிடும். நம் குடலின் உள்தோல் இப்படித்தான் ஓயாமல் புதிதாகிறது. எந்தச் செல் அடியில் தங்கும், எது கிளம்பும் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி. 2007இல் நெதர்லாந்தில் ஹான்ஸ் க்ளெவர்ஸ் குழு, எல்ஜிஆர்5 என்ற அடையாளத்தை வைத்து இந்த ஸ்டெம் செல்களைக் கண்டுபிடித்தது. அவற்றை ஒட்டியே பேனத் செல்கள் என்ற துணைச் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவை தரும் 'ஸ்டெம் செல்லாகவே இரு' என்கிற விண்ட் சிக்னல் தூரம் போகாது. பக்கத்தில் ஒட்டியிருந்தால்தான் கிடைக்கும். நாட்ச் சிக்னலோ தொட்டால்தான் உண்டு. கொஞ்சம் மேலே தள்ளப்பட்டால் விண்ட் குறைந்து, 'பிரிந்தது போதும்' என்கிற பிஎம்பி கூடுகிறது. அங்கே நாட்ச் கிடைத்தது உறிஞ்சும் செல்லாகும், கிடைக்காதது சளி சுரப்பது போன்ற செல்லாகும். ஆக, செல்லுக்குப் பெரிதாகத் தகுதி ஒன்றும் வேண்டாம், இடம் கிடைத்தால் போதும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஃபேன்ஸி கடையில் 14 நிறப் பாசிமணி வாங்கி, குழிக்கு ஒரு நிறமாகப் போட்டேன். பலகை முழுக்க ஒரே ஒரு குடல்குழி, ஒவ்வொரு மணியும் அதன் அடியில் இருக்கும் ஒரு ஸ்டெம் செல்; ஒன்று கிளம்பினால் பக்கத்துச் செல் பிரிந்து அந்த இடத்தைப் பிடிக்கும். சொம்பில் 14 சீட்டு. சீட்டு வந்த குழியின் மணியை எடுத்துவிட வேண்டும். பிறகு காசு சுண்டி, தலை விழுந்தால் இடப்பக்கத்து நிறமும் பூ விழுந்தால் வலப்பக்கத்து நிறமும் அங்கே குடியேறும். யாருக்கும் சலுகை கிடையாது.

"பசு எடுக்காம என்னடா பல்லாங்குழி?" என்று ஆயா கேட்டுக்கொண்டே இருந்தார். குழியில் நான்கு சேர்ந்தால் அள்ளிக்கொள்வதுதான் பசு.

நான்கு சாயங்காலம் ஆனது. 200 சீட்டில் மூன்று நிறம்தான் மிச்சம்; 388இல் பலகை முழுக்க மஞ்சள். இரண்டாவது ஆட்டம் 512 வரை இழுத்து, பச்சையில் முடிந்தது. எது ஜெயிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை, ஏதோ ஒன்று ஜெயிப்பது மட்டும் நிச்சயம். எலிக்குடலிலும் ஒரு குழியின் ஸ்டெம் செல்கள் எல்லாம் ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஒரே மூதாதையின் வாரிசுகளாகிவிடுகின்றன. 2010இல் செல்களுக்கு நிறம் கொடுத்து இதைப் பார்த்தார்கள். என் பாசிமணிக்கு இவ்வளவு பொருத்தமா என்று கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அப்புறம் சலுகை ஆட்டம். ஏபிசி என்ற மரபணு விண்டுக்கு பிரேக் மாதிரி. அதன் இரண்டு பிரதியும் கெட்டால், விண்ட் வராதபோதும் வந்ததாகவே செல் நினைத்துக்கொள்ளும். பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் அடினோமா வகைப் பாலிப் கட்டிகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. அப்படிக் கெட்ட செல்லுக்கு ஒரு சிவப்பு, மற்றவற்றுக்கு 13 நீலம் வைத்தேன். இரண்டும் உரசும் எல்லையில் தாயம் உருட்டி, 1 முதல் 4 வரை விழுந்தால் சிவப்புக்கு. இவ்வளவு சலுகை இருந்தும் பத்து ஆட்டத்தில் நான்கில் சிவப்பு காணாமல் போனது. ஒரு தடவை முதல் உருட்டலிலேயே. கெட்ட செல் என்றால் ஜெயித்தே தீரும் என்றுதான் நினைத்திருந்தேன். எலிகளிலும் அப்படிப்பட்ட செல் சில சமயம் தோற்று வெளியேறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

பதினோராவது ஆட்டம் பாதியில் நிற்கிறது: சிவப்பு 5, நீலம் 9. ஆயா புளியங்கொட்டையோடு உட்கார்ந்துவிடக் கூடாதே என்று பலகை மேல் தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.