டிக்கெட் வாங்கிப் போன வீடு

லண்டன் வந்து எட்டு மாதம் ஆகியும் நான் இன்னொருவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, வாஷிங் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இது உறைத்தது. அலுவலகம் தெரியும், சூப்பர்மார்க்கெட் தெரியும், விக்டோரியா லைனில் எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு நேர் எதிரே வரும் என்பதுகூடத் தெரியும். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் செருப்பை எங்கே விடுவார்கள், சாப்பாட்டு மேஜையை எந்தப் பக்கம் போட்டிருப்பார்கள், ஒன்றும் தெரியாது.

நான் இருந்தது வால்தம்ஸ்டோவில், நான்கு பேர் பங்கிட்டுக்கொண்ட வீட்டில். ஆளுக்கோர் அறை, எல்லோருக்கும் ஒரே சமையலறை. ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு. தட்டின் விளிம்பில் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். என்னுடையது மூன்றாவது. ஒருவர் பாலை இன்னொருவர் தவறி எடுத்துவிட்டால் மறுநாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு தொங்கும். அவ்வளவு மரியாதையாக எழுதியிருப்பார்கள், படிக்கவே பயமாக இருக்கும்.

அலுவலகத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான். வெள்ளிக்கிழமை மாலை பப்புக்குக் கூப்பிடுவார்கள், நானும் போய் ஆரஞ்சு ஜூஸோடு நின்றுவிட்டு வருவேன். வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிட்டதில்லை. முதலில் இது மனதைக் குடைந்தது. அப்புறம்தான் புரிந்தது: ஒருவர் வீடு ஒன்றரை மணி நேரம் தள்ளி இருக்கிறது, இன்னொருவர் என்னைப் போலவே ஒற்றை அறையில் இருக்கிறார். கூப்பிட இடம் வேண்டாமா?

பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் இதை விளையாட்டாகச் சொன்னேன். "அப்படியென்றால் சப்பர் கிளப்புக்குப் போ" என்று ஓர் இணைப்பை அனுப்பினாள். முன்பின் தெரியாத ஒருவர் தன் வீட்டில் சமைக்கிறார், முன்பின் தெரியாத பன்னிரண்டு பேர் பணம் கட்டிவிட்டுப் போய் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். ஈரானியச் சாப்பாடு, ஆளுக்கு 45 பவுண்டு. தென்கிழக்கு லண்டனில் பிராக்லி பக்கம் என்று மட்டும் போட்டிருந்தது. முழு முகவரி முந்தின நாள் மின்னஞ்சலில் வருமாம்.

45 பவுண்டு எனக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு வார மளிகையே அதற்குள் முடிந்துவிடும். இருந்தாலும் கட்டினேன். சாப்பாட்டுக்காக இல்லை, ஒரு வீட்டைப் பார்க்க.

பணம் கட்டியதும் ஒரு படிவம் வந்தது. எனக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டு, பதினான்கு பொருள்களின் பட்டியல். பிரிட்டனில் உணவு விற்கிற எவரும் இந்தப் பதினான்கையும் பற்றிச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். பால், முட்டை, வேர்க்கடலை எல்லாம் சரி. பட்டியலில் எள்ளும் கடுகும் இருந்தன! கடுகு ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று யோசித்தபடியே எல்லாக் கட்டத்திலும் 'இல்லை' போட்டேன்.

இந்த ஏற்பாடு லண்டனில் எப்படிப் பரவியது என்று படித்துப் பார்த்தேன். 2008 நிதி நெருக்கடிக்குப் பின் வந்த அலை இது. 2009 ஜனவரியில் கெர்ஸ்டின் ராட்ஜர்ஸ் என்பவர் கில்பர்னில் தன் வீட்டு வரவேற்பறையையே உணவகமாக்கினார், பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கொல்கத்தாவிலிருந்து வந்த அஸ்மா கான் 2012-இல் தன் வீட்டில் இப்படித் தொடங்கி, 2017-இல் சோஹோவில் டார்ஜிலிங் எக்ஸ்பிரஸ் என்ற உணவகத்தையே திறந்துவிட்டார். அவர் சட்டத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பது எனக்குப் பிடித்த தகவல். கியூபாவில் கதையே வேறு. அங்கே வீட்டுக்குள் நடக்கும் சாப்பாட்டுக்கடைகளுக்குப் 'பலாதார்' என்று பெயர். 1990-களில் அரசு அனுமதித்தபோது பன்னிரண்டு நாற்காலிக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு. நான் போகப்போகிற மேஜைக்கும் பன்னிரண்டு நாற்காலி. தற்செயல்தான்.

நவம்பர் மாதம். நான்கரைக்கே இருட்டிவிடும். வால்தம்ஸ்டோவிலிருந்து ஹைபரி அண்ட் இஸ்லிங்டன், அங்கே மாறி ஓவர்கிரவுண்ட் ரயிலில் பிராக்லி. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போவதா என்று மனம் ஒப்பவில்லை. குடிக்க வேண்டியதை அவரவர் கொண்டு வரலாம் என்று மின்னஞ்சலில் இருந்தது. எனக்கு அது பழக்கமில்லை. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் வலைப்பையில் போட்ட ஆரஞ்சு ஒரு கிலோ வாங்கினேன். வாங்கிய பிறகுதான் சந்தேகம் வந்தது. பணம் கட்டிச் சாப்பிடப் போகிற இடத்துக்கு யாராவது பழம் வாங்கிப் போவார்களா? ஹோட்டலுக்குள் வாழைப்பழச் சீப்போடு நுழைவதைப் போல இருக்காதா?

ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஆறரைக்கே அந்தத் தெருவில் நின்றேன். ஒரே அச்சில் வார்த்த மாதிரி வரிசை வீடுகள். பெயர்ப்பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. அந்தத் தெருவை மூன்று முறை சுற்றி வந்தேன். மூன்றாம் சுற்றில் இன்னொருவர் ஒயின் பாட்டிலோடு அதே போலச் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நடந்தோம்.

கதவைத் திறந்தவர் அறுபது வயதைத் தாண்டிய அம்மா. ஏப்ரனில் மஞ்சள் கறை. "ஷூவை இங்கே விடுங்கள்" என்றதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. ஆரஞ்சுப் பையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, மோந்து பார்த்து, "பாட்டில் கொண்டு வருவார்கள், பூ கொண்டு வருவார்கள். பழம் கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்" என்றார். அது பாராட்டா என்று அப்போது தெரியவில்லை.

ரகசிய விருந்து என்கிறார்களே, என்ன ரகசியம் என்று எனக்கு ஒரு குறுகுறுப்பு இருந்தது. சமையலறை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அது போயிற்று. உணவுச் சுகாதாரத் தரத்துக்கு ஐந்துக்கு ஐந்து என்ற பச்சை ஸ்டிக்கர். வீட்டில் சமைத்து விற்பதென்றால் தொடங்குவதற்கு 28 நாள் முன்னதாக உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. அப்புறம் ஆள் வந்து பார்ப்பார். "ஃபிரிட்ஜுக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார், துணி எங்கே துவைக்கிறீர்கள் என்றுகூடக் கேட்டார்" என்றார் அந்த அம்மா. மதுவைத் தானே விற்றால் அதற்குத் தனியாக அனுமதி வேண்டும், ஒவ்வொரு தடவையும் நோட்டீஸ் கொடுத்து 21 பவுண்டு கட்ட வேண்டும். அதனால்தான் அவரவர் பாட்டிலை அவரவரே கொண்டு வருவது. முகவரியை மறைப்பது இது குடியிருக்கும் வீடு என்பதால். நள்ளிரவில் யாரும் வந்து மேஜை காலியா என்று மணியடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மேஜை என்றால் ஒரு மேஜை இல்லை. சாப்பாட்டு மேஜை, அதோடு ஒட்டிப் போட்ட எழுது மேஜை, இரண்டையும் மூடிய நீண்ட பூப்போட்ட துணி. நாற்காலிகள் ஐந்து வகை. எனக்குக் கிடைத்தது பியானோ ஸ்டூல், சற்று அசைந்தால் சுற்றும். எதிரே ஒரு ஜோடி. இதுவரை முப்பது சப்பர் கிளப்புக்கும் மேல் போய்விட்டார்களாம். காசி, ராமேஸ்வரம் போய் வந்தவர்களைப் போலப் பட்டியல் சொன்னார்கள். ஒவ்வொரு தட்டையும் படமெடுத்த பிறகே கை வைத்தார்கள். அவர்களிடம் எனக்குச் சீக்கிரமே பேச்சு தீர்ந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தவர் தெருவைச் சுற்றிய அந்த ஒயின் பாட்டில்காரர். லண்டனில் முதல் பேச்சு எப்போதும் எந்த ரயிலில் வந்தீர்கள் என்பதுதான். கேட்டேன். "நடந்து வந்தேன், இரண்டு தெரு தள்ளி" என்றார். பத்தொன்பது வருடமாக அங்கேதான் இருக்கிறாராம். இந்த வீட்டின் வாசலைத் தினமும் கடந்துதான் வேலைக்குப் போகிறார். வெந்தயக்கீரை வதங்கும் வாசனை வரும், யார் வீடு என்று யோசிப்பார், போய்விடுவார். முகவரி மின்னஞ்சலில் வந்தபோதுதான் இந்த வீடு என்று தெரிந்ததாம். "என் பக்கத்துத் தெரு வீட்டுக்குள் வர நான் டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எட்டு மாதமாக இது எனக்கு மட்டும் வாய்த்த தனிக்குறை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்!

முதலில் பச்சைக்கீரைத் தட்டு வந்தது. புதினா, துளசி மாதிரி ஒன்று, முள்ளங்கி, வெள்ளைப் பாலாடைக்கட்டி, வால்நட், மெல்லிய ரொட்டி. மோரில் காய்ந்த புதினா போட்டு ஒரு ஜாடி. அதற்கு 'தூக்' என்று பெயர், எனக்கு மோர்தான். பிறகு கோர்மே சப்ஸி: கீரைகளைக் கரும்பச்சையாகும் வரை வதக்கி, ஆட்டுக்கறியும் ராஜ்மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்க வைத்தது. காய்ந்த முழு எலுமிச்சைதான் அதற்குப் புளிப்பு. மாதுளைச் சாறும் வால்நட்டும் போட்ட கோழிக் குழம்பும் இருந்தது. அது இனிப்பும் இல்லை, புளிப்பும் இல்லை. எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை.

சோறுதான் எனக்குச் சோதனையாகிவிட்டது. ஊறவைத்த அரிசியைப் பாதி வேகவைத்து வடித்து, அடியில் எண்ணெயும் குங்குமப்பூவும் விட்ட பாத்திரத்தில் குவித்து, மூடிக்குத் துணி சுற்றிச் சிறு தீயில் ஒரு மணி நேரம் விடுவார்களாம். பாத்திரத்தைப் பெரிய தட்டில் அப்படியே கவிழ்த்தார். மேலே பொன்னிறத்தில், வட்டமாக, மொறுமொறுவென்று அடிச்சோறு. எல்லோரும் கை தட்டினார்கள். 'தஹ்திக்' என்றார், பாத்திரத்தின் அடி என்று அர்த்தம். என் வாயிலிருந்து "காந்தல்" என்று தமிழில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் காந்தல் விழுந்தால் அம்மா யாருக்கும் தெரியாமல் சுரண்டித் தன் தட்டில் போட்டுக்கொள்வாள். இங்கே பன்னிரண்டு பேர் அதற்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். காந்தல் என்றால் என்ன என்று கேட்டார்கள். தெரியாமல் தீய்ந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. "எங்கள் தஹ்திக்" என்று சமாளித்தேன். பொய்தான்.

இரண்டாம் முறை சோறு வைக்க வந்தபோது போதும் என்றேன். வைத்தார். போதும் என்றேன். மறுபடி வைத்தார். ஈரானியர்களிடம் தாரோஃப் என்று ஒரு வழக்கம். வருகிறவர் வேண்டாம் என்பார், வீட்டுக்காரர் விடமாட்டார், யாருடைய வேண்டாம் உண்மையான வேண்டாம் என்று கண்டுபிடிப்பது தனிக் கலை. கடைக்காரர்கூடக் காசை நீட்டினால் முதலில், உங்களுக்கு முன்னால் இது என்ன பிரமாதம், வைத்துக்கொள்ளுங்கள் என்பாராம்.

"அப்படியென்றால் எங்களிடம் எப்படிப் பணம் வாங்குகிறீர்கள்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அதற்குத்தானே இணையத்தில் டிக்கெட்! கையில் கொடுத்தால் நான் வேண்டாம் என்று சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் வற்புறுத்த வேண்டும். நான் மறுக்க வேண்டும். விடிந்துவிடும். கார்டில் போய்விட்டால் நான் பார்க்கவே இல்லை, இல்லையா? நீங்கள் என் விருந்தாளி. பணம் வேறு யாரோ யாருக்கோ கட்டியது."

1986-இல், ஈரானில் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்தவர். முதல் இரண்டு வருடம் ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை என்றார். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகு பெரிய பாத்திரங்களை என்ன செய்வது என்று தெரியாமல்தான் இதைத் தொடங்கினாராம். கறி, குங்குமப்பூ, பாத்திரம் கழுவ ஒத்தாசைக்கு வரும் பெண், எல்லாம் போக ரொம்ப ஒன்றும் மிஞ்சாது என்றார். முழுக்க நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை.

தேநீரோடு என் ஆரஞ்சு வந்தது. வந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின் பழம் வைக்காமல் இருப்பதில்லையாம். பணம் வாங்கத் தொடங்கியதிலிருந்து அதை விட்டுவிட்டாராம், செலவு கட்டாது என்று. தோலை ஒரே சுருளாக உரித்து, சுளை சுளையாக எல்லோர் தட்டிலும் வைத்தார். முப்பது கிளப் ஜோடி அதையும் படமெடுத்தது.

போகும்போது வாசலில் எல்லோரும் குனிந்து அவரவர் ஷூவைத் தேடினோம். ஒயின் பாட்டில்காரர் என்னை ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விட்டார். எண் வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வீட்டுக்கும் நான் திரும்பப் போகவில்லை, 45 பவுண்டு 45 பவுண்டுதான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு தஹ்திக் செய்து பார்த்தேன். குங்குமப்பூவுக்குப் பதில் மஞ்சள். தீயைக் குறைக்க மறந்து மாடிக்குப் போய்விட்டேன். புகை அலாரம் அலறியது. மூன்று அறைக் கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்தன. அந்த மூன்று பேரையும் ஒன்றாக நான் பார்த்தது அன்றுதான். ஒருவர் நாற்காலி மேல் ஏறித் துண்டால் அலாரத்தை விசிறினார், ஒருத்தி ஜன்னலைத் திறந்தாள். என்ன செய்கிறாய் என்று கேட்டார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினேன். பாதி கறுப்பு, பாதி பொன்னிறம். பொன்னிறமான பக்கத்தை நான்கு பேரும் நின்றுகொண்டே பிய்த்துத் தின்றோம்.

"இதற்குத் தயிர் இருந்தால் நன்றாக இருக்கும்" என்றேன்.

"என் தட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்றாள் ஜன்னலைத் திறந்தவள். "மேலிருந்து இரண்டாவது."