கோமெட்: ஏழரை நிமிட எரிபொருளும் சக்கரமில்லாத தரையிறக்கமும்

இரண்டாம் உலகப் போரில் ராக்கெட் எஞ்சினோடு மேலேறி எதிரி விமானங்களைத் துரத்திச் சுட்ட சண்டை விமானம் ஒன்றே ஒன்றுதான்: ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் மீ 163 பி, 'கோமெட்'. வடிவமைப்பு அலெக்சாண்டர் லிப்பிஷ், எஞ்சின் ஹெல்முட் வால்டர். 12,000 மீட்டர் உயரத்தை மூன்றரை நிமிடத்தில் எட்டிவிடும். மணிக்கு 950 கிலோமீட்டருக்கு மேல் போகும். குண்டுவீச்சு விமானங்கள் நெருங்கும்வரை தரையில் காத்திருந்து, பிறகு கிளம்பினாலும் பிடித்துவிடலாம். லாய்னா செயற்கை எரிபொருள் ஆலையைக் காக்க, லைப்சிக் பக்கத்திலுள்ள பிராண்டிஸில் இவற்றை நிறுத்தியது அந்த நம்பிக்கையில்தான்.

கோமெட் என்றாலே எல்லோரும் அதன் எரிபொருளைத்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் விமானிகளை அதிகம் காவு வாங்கியது சக்கரம் வேண்டாம் என்ற முடிவு என்பது என் கணிப்பு.

முதலில் எரிபொருள். டி-ஸ்டாஃப் என்பது 80 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. சி-ஸ்டாஃப் என்பது மெத்தனால், ஹைட்ரசின் ஹைட்ரேட், தண்ணீர் சேர்ந்த கலவை. இரண்டும் தொட்ட மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும், தீப்பொறியே வேண்டாம். டி-ஸ்டாஃபுக்குத் துருவோ செம்புத் துகளோ பட்டால் போதும், கொதித்துச் சிதையத் தொடங்கும். துணி, தோல், சதை எதையும் விடாது. அதனால் டேங்க் அலுமினியத்தில். நிரப்பும்போது இரண்டு லாரிகளும் ஒரே நேரத்தில் விமானத்தை அண்டக் கூடாது. ஒன்று நிரப்பிப் போனபின், சிந்திய இடத்தைத் தண்ணீர் விட்டு நன்றாக அலசி, அதற்குப் பிறகுதான் அடுத்தது வரும். இவ்வளவு கெடுபிடியும் வைத்துவிட்டு, விமானி அறைக்குள்ளேயே அவருக்கு இடமும் வலமுமாக 60 லிட்டர் டி-ஸ்டாஃப் டேங்க் இரண்டை வைத்தார்கள். பெரிய டேங்க் முதுகுக்குப் பின்னால், 1,040 லிட்டர்.

முழு எடை சுமார் 4,300 கிலோ. அதில் ஏறக்குறைய 2,000 கிலோ எரிபொருள். அதுவும் ஏழரை நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு கிலோவும் கணக்கானதால் சக்கரங்களைத் தனி வண்டியாக்கி, கிளம்பியதும் கழன்று விழும்படி செய்தார்கள். ஐந்து பத்து மீட்டர் உயரத்தில் கழற்ற வேண்டும். அதற்குக் கீழே கழற்றினால் வண்டி தரையில் மோதி எகிறி விமானத்தையே அடிக்கும். 1943 டிசம்பர் 30 அன்று ஜெர்மனியின் பாட் ஸ்விஷனான் விமானதளத்தில் விமானி யோசப் போஸ் இறந்தது இப்படித்தான். கழலாமலே ஒட்டிக்கொண்டாலும் ஆபத்து. 1942இல் சோதனை விமானி ஹன்னா ரைட்ஷ் அப்படித்தான் விழுந்து படுகாயமடைந்தார்.

இறங்குவது அதைவிட மோசம். வயிற்றடியில் ஒரு சறுக்குச் சட்டம் மட்டும். எஞ்சின் அணைந்த பின் கிளைடராக வர வேண்டும், தவறினால் மறுபடி சுற்றி வர வழியில்லை. வாலில்லாத இந்த விமானமோ தரையருகே மிதந்துகொண்டே போகும், லேசில் அமராது. மேடுபள்ளத்தில் குதித்தால் முதுகெலும்பு போகும். கவிழ்ந்தால் டேங்கில் மிச்சமிருக்கும் சில லிட்டரே வெடிக்கப் போதுமானது. சரியாக இறங்கினாலும் தானாக நகர முடியாது. இழுவை வண்டி வரும்வரை திறந்தவெளியில் கிடக்கும், எதிரி விமானங்களுக்கு நல்ல குறி.

மேலே இன்னொரு சிக்கல். ஏற்றம் முடிந்து மூக்கைத் தாழ்த்தும்போது டேங்கில் திரவம் அலைபாய்ந்து குழாய்வாய் காலியாகும், எஞ்சின் அணைந்துவிடும். ஜப்பான் இதே விமானத்தை 'ஷூசுய்' என்று கட்டியபோது இதன் உறவுக்காரச் சிக்கல்தான் உயிரைக் குடித்தது. 1945 ஜூலை 7, முதல் பறத்தல். டேங்க் முழுதாக நிரப்பப்படவில்லை. செங்குத்தாக ஏறும்போது எரிபொருள் பின்பக்கம் ஒதுங்க, 400 மீட்டர் அளவில் எஞ்சின் நின்றது. திரும்பி இறங்க முயன்ற விமானி டொயோஹிகோ இனுஸுகா மறுநாள் இறந்தார்.

சண்டையில் கோமெட்டைத் தோற்கடித்தது அதன் வேகமே. குண்டுவீச்சு விமானத்தை நெருங்கும் வேகம் விநாடிக்கு 150 மீட்டர். கோமெட்டில் இருந்த எம்கே 108 பீரங்கியின் குண்டு மெதுவாகப் போகும், 600 மீட்டருக்கு உள்ளே வந்தால்தான் குறி தேறும். 200 மீட்டருக்கு முன்பே விலகவும் வேண்டும். ஆக, சுடக் கிடைப்பது மூன்று விநாடிகூட இல்லை. கட்டியது 370 அளவில்; வீழ்த்தியதாகச் சொல்லப்படும் அதிகபட்சக் கணக்கே 16.

தீர்வு என்னவென்று பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த வடிவமான மீ 263இல் மடக்கும் சக்கரங்கள், காற்றழுத்தம் காக்கும் விமானி அறை, பெரிய டேங்க், சீராகப் பறப்பதற்கென்றே தனியாக ஒரு சிறு எரியறை எல்லாம் இருந்தன. அது படைக்கு வந்து சேருமுன் போர் முடிந்துவிட்டது.