கரும்புள்ளி எல்லாம் படிவு இல்லை

அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளை எம்.ஆர்.ஐ. படத்தில் ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். என் முனைவர் பட்ட ஆய்வு இதுதான். ஒரு வரியில் சொல்லிவிட்டேன். சந்தேகமில்லாத முதல் புள்ளியைப் பார்க்க இரண்டரை வருடம் ஆனது.

சிக்கல் அளவிலேயே தொடங்குகிறது. ஒரு படிவு பெரும்பாலும் 20 முதல் 100 மைக்ரான் வரைதான் இருக்கும்; ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். மருத்துவமனை ஸ்கேனில் ஒரு படக்கட்டம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். 50 மைக்ரான் உருண்டை ஒன்று அந்தக் கட்டத்தின் கன அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் சுண்டெலிகளை 9.4 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் வைத்துப் படமெடுத்தோம். சுண்டெலிக்கு இயல்பாக இந்தப் படிவு வராது; நோயை உண்டாக்கும் மனித மரபணுக்களைச் சேர்த்து வளர்த்தவற்றுக்குத்தான் வரும். அதற்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முதலில் உயிருள்ள எலியில் முயன்றோம். காடோலினியம் என்ற உலோகம் தன்னைச் சுற்றியுள்ள நீரைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும். தனியாகக் கொடுத்தால் நச்சு என்பதால் ஒரு மூலக்கூறுக்குள் பூட்டித்தான் கொடுப்பார்கள். அதோடு, படிவைத் தேடிப்போய் ஒட்டும் பெப்டைடையும், அதாவது ஒரு சிறு புரதத் துண்டையும் இணைத்தோம். இணைத்ததும் மூலக்கூறு பெரிதாகிவிடுகிறது. இரத்தத்தில் உள்ளவை கண்டபடி மூளைக்குள் போகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பு பெரிதானதை உள்ளே விடாது. கழுத்துத் தமனியில் மானிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளைச் செலுத்தினால் இரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் நீரிழந்து சுருங்கி, கொஞ்ச நேரத்துக்கு வழிவிடும். வழி திறந்தது, ஆனால் மருந்து திட்டுத்திட்டாகத்தான் சேர்ந்தது. சில எலிகள் தாங்கவும் இல்லை. அந்த முறையைக் கைவிட்ட வாரம் எனக்கு ஆய்வகத்துக்குப் போகவே மனம் வரவில்லை.

சரி, முதலில் வெளியே எடுத்த மூளையில் பார்த்துப் பழகு என்றார் வழிகாட்டி. ஃபார்மலினில் பதப்படுத்திய மூளையைச் சாதாரண காடோலினியக் கரைசலில் பல நாள் ஊறவைத்தோம். திசு முழுக்க மருந்து ஊறிப் படத்தில் வெளுக்கும். நீரை அண்டவிடாத படிவு மட்டும் கறுப்பாக நிற்கும் என்பது கணக்கு. இரவு முழுக்க ஓடிய ஸ்கேனைக் காலையில் திறந்தேன். மூளைப் புறணியிலும், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியிலும் மிளகைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்! கை நடுங்கியது.

வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “நோயில்லாத எலியை எடுத்தாயா?”

எடுத்தேன். அதிலும் புள்ளிகள் இருந்தன.

அடுத்த ஐந்து மாதம் அந்தப் புள்ளிகள் என்னவென்று பிரிப்பதிலேயே போனது. சில, மடிப்புகளில் சிக்கிய காற்றுக் குமிழிகள். மூளையை, ஹைட்ரஜன் இல்லாததால் படத்தில் தெரியாத ஃப்ளூரின் திரவத்தில் அமிழ்த்தி, வெற்றிடப் பம்பில் வைத்துத் தட்டித்தட்டிக் குமிழியை வெளியேற்றக் கற்றுக்கொண்டேன். மற்றவை பெரும்பாலும் இரத்தக்குழாய்கள். குறுக்கே வெட்டுப்பட்ட குழாய் அசல் படிவு மாதிரியே தெரியும். அடுத்தடுத்த படத்துண்டுகளில் தொடர்ந்து பார்த்தால் குழாய் நகர்ந்துகொண்டே போகும், படிவு ஓரிரு துண்டுகளில் முடிந்துவிடும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள்.

கடைசியில் அதே மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டித் தயோஃபிளேவின்-எஸ் என்ற, படிவில் ஒட்டி ஒளிரும் சாயம் ஏற்றினேன். சீவல் சுருங்கும், கிழியும், ஸ்கேன் தளத்தோடு கோணமும் பொருந்தாது. முக்கோணமாக நின்ற மூன்று இரத்தக்குழாய்களை அடையாளமாக வைத்து இரண்டு படங்களையும் பொருத்தினேன். நுண்ணோக்கியில், அந்த முக்கோணத்துக்குச் சற்று இடப்புறம், எம்.ஆர்.ஐ.யில் கறுப்பாக இருந்த அதே இடத்தில், பச்சையாக ஒளிர்ந்தது ஒரு படிவு. நடுவே அடர்த்தி, ஓரத்தில் பஞ்சு பிரிந்ததுபோல் இழைகள்.

என் வேலையைக் கேள்விப்பட்டதும் பலர் கேட்பது, “அம்மாவுக்கு மருந்து போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தால் இது தெரியுமா?” என்றுதான். தெரியாது. மருத்துவமனை எம்.ஆர்.ஐ. மூளைச் சுருக்கத்தையும் நுண்ணிய இரத்தக் கசிவுகளையும் காட்டும். உயிருள்ள மனிதரில் அமிலாய்டைக் காட்ட இன்று இருப்பது கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன்; அமிலாய்டில் ஒட்டும் அத்தகைய மருந்தான பிட்ஸ்பர்க் காம்பவுண்டு-பி கொண்டு எடுத்த முதல் மனிதப் படங்கள் 2004-இல் வெளிவந்தன. பெட்டுக்கு மருந்து துளியிலும் துளி போதும், எம்.ஆர்.ஐ.க்கு ஆயிரக்கணக்கான மடங்கு வேண்டும். அவ்வளவையும் தடுப்பைத் தாண்டி, ஆபத்தில்லாமல் உள்ளே கொண்டுபோவதுதான் இன்னும் முடியாத வேலை. ஆனால் பெட்டில் கதிரியக்கம் உண்டு, தனித்தனிப் படிவும் தெரியாது. அதனால்தான் உயிருள்ள எலிக்கே திரும்பியிருக்கிறேன், இந்த முறை இன்னும் சிறிய மூலக்கூறோடு.