பேட்டரியை மாற்றிய பின் காருக்கு மீண்டும் கற்றுக்கொடுக்க வேண்டியவை

சென்ற மாதம் என் காரின் பேட்டரியை நானே மாற்றினேன். கழற்றி மாட்டும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த மூன்று நாள்கள்தான் என்னை அலைக்கழித்தன. கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தது. ஒரு முறை அழுத்தினால் தானாகவே மேலேறும் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி, விரலை எடுத்ததும் பாதியில் நின்றது. டேஷ்போர்டில் சறுக்கும் காரின் படம் மஞ்சளாக எரிந்தது. இவை போதாதென்று, முதல் சிக்னலில் நின்றபோது என்ஜின் ஒரு குலுக்கலோடு அணைந்தும் போனது. காட்டிக் கேட்ட ஒர்க்‌ஷாப்பில் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியையே மாற்ற வேண்டும் என்றார்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

எல்லோரும் இதை ‘ரீசெட்’ என்றே சொல்கிறோம். உண்மையில் ரீசெட், பேட்டரியின் கேபிளைக் கழற்றிய கணத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. நாம் செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறான வேலை, அதாவது கார் மறந்துபோனதை அதற்கு மீண்டும் கற்றுக்கொடுப்பது. கார் எல்லாவற்றையும் மறப்பதில்லை. ஓடிய கிலோமீட்டர் கணக்கு, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தகவல், என்ஜினை இயக்கும் அடிப்படை நிரல் ஆகியவை மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத நினைவகத்தில் இருக்கின்றன. ஓட ஓட ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தானாகக் கற்றுக்கொண்ட சிறு திருத்தங்களோ, பல கார்களில், பேட்டரியிலிருந்து ஓயாமல் கசியும் மிகச் சிறிய மின்னோட்டத்தை நம்பியே உயிரோடு இருக்கின்றன. இத்திருத்தங்களையும் அழியாத நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் கார்களும் உண்டு. பேட்டரி மாற்றியபோது தமக்கு எந்தத் தொல்லையும் வரவில்லை என்று சிலர் சொல்வதற்கு அதுவே காரணம்.

என்ஜின் அணைந்ததற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது என்ஜின் தொடர்ந்து சுழலத் தேவையான காற்று, த்ராட்டில் தட்டின் விளிம்பில் உள்ள மெல்லிய இடைவெளி வழியாக நுழைகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த விளிம்பில் கரி படிந்து இடைவெளி குறுகுகிறது. குறுகக் குறுக ஈசியூவும் தட்டை மயிரிழை அளவு கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வருவதால், நமக்கு எதுவும் தெரிவதில்லை. பேட்டரியைக் கழற்றியதும் ஈசியூ அந்த ஈட்டை மறந்து, தட்டுப் புதிதாக இருந்தபோது போதுமானதாயிருந்த அளவுக்கே திறக்கிறது. கரி மட்டும் அப்படியே இருக்கிறது. காற்றுப் போதாமல் என்ஜின் திணறி அணைகிறது. எரிபொருள் அளவும் இதே கதைதான்: 1 கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று என்ற விகிதத்தைக் காக்க, ஆக்சிஜன் சென்சரைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்து வைத்திருந்த நீண்டகாலத் திருத்தம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் த்ராட்டிலைச் சந்தேகித்தது முழுத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்குத் தேவை துடைப்பே தவிர மாற்றமல்ல. எப்படியும் ஈசியூ புதிதாகக் கற்கப்போகிறது என்பதால், த்ராட்டிலைச் சுத்தம் செய்வதற்குப் பேட்டரி மாற்றும் நாளைவிட நல்ல நாள் கிடையாது. கற்கும் முறை காருக்குக் கார் வேறுபடும். சிலவற்றுக்கு, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கும் ஸ்கேனர் கட்டாயம் வேண்டும், ஆகவே காரோடு வந்த கையேட்டை முதலில் பார்ப்பது நல்லது. நான் செய்தது இதுதான்: ஏசி, விளக்கு, ஆடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, திறந்த வெளியில் என்ஜினை இயக்கி, ஆக்சிலேட்டரைத் தொடாமல், ரேடியேட்டர் விசிறி ஒரு முறை ஓடி நிற்கும் வரை ஐடிலிங்கில் விட்டேன், பிறகு ஏசியைப் போட்டு இன்னும் சில நிமிடங்கள் விட்டேன், ஏனென்றால் அந்தச் சுமையோடு தட்டு எவ்வளவு திறக்க வேண்டும் என்பது ஈசியூவுக்குத் தனிப் பாடம். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவே கூடாது; புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கார்கள் கியர் மாறும் நயத்தையும் மறந்திருக்கலாம். நிதானமாகச் சில நாள்கள் ஓட்டினால் அது தானே திரும்பிவிடும்.

கண்ணாடி விஷயத்தைப் பலரும் சொகுசுக் குறையாக நினைத்து விட்டுவிடுகிறார்கள், அது தவறு. கண்ணாடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மோட்டாரின் சுழற்சிகளை எண்ணித்தான் கார் அறிகிறது. எண்ணிக்கை அழிந்தால் ‘முழுதாக மூடிய இடம்’ எதுவென்று அதற்குத் தெரியாது. இடையில் விரல் மாட்டினால் கண்ணாடியைக் கீழே இறக்கும் பாதுகாப்பும் இந்தக் கணக்கையே நம்பியிருப்பதால், கற்பிக்கும் வரை அதுவும் வேலை செய்யாமல் போகலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். பெரும்பாலான கார்களில் கண்ணாடியை முழுதாக இறக்கி, பிறகு முழுதாக ஏற்றி, ஏறி முடிந்த பின்னும் சுவிட்சைச் சில விநாடிகள் பிடித்திருந்தால் போதும். ஓட்டுநர் பக்கத்திலிருந்து செய்தது எடுபடாவிட்டால், அந்தந்தக் கதவின் சுவிட்சிலேயே செய்து பாருங்கள்.

சறுக்கும் காரின் விளக்கு என்னைப் பயமுறுத்திய அளவுக்கு ஒன்றுமில்லாதது. கார் சறுக்காமல் காக்கும் அமைப்புக்கு ஸ்டியரிங் கோணத்தை அளந்து சொல்லும் சென்சர், நேரான நிலையை மறந்திருந்தது. என்ஜின் ஓடும்போது ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்பி, சிறிது தூரம் நேராக ஓட்டியதும் அணைந்தது. அணையாமல் தொடர்ந்து எரிந்தால் ஸ்கேனரில் பார்க்கத்தான் வேண்டும். ரேடியோவுக்குக் குறியீடு கேட்கும் பழைய கார்களில், கழற்றும் முன்பே அந்த எண்ணைத் தேடி வைத்திருப்பது உத்தமம்.

பொறுமையால் மட்டும் தீராத ஒன்றும் உண்டு. சிக்னலில் தானே அணைந்து தானே எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் கார்கள் பலவற்றில், நெகட்டிவ் முனையில் உள்ள ஒரு சென்சர் பேட்டரியின் வயதைக் கணித்துக்கொண்டே இருக்கும். பிஎம்டபிள்யூ போன்ற சில நிறுவனங்களின் கார்களில், புதிய பேட்டரி வந்திருப்பதை ஸ்கேனர் வழியே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கார் இன்னும் கிழட்டுப் பேட்டரிதான் இருக்கிறது என்று எண்ணி அதற்கேற்பவே சார்ஜ் செய்யும், புதியதன் ஆயுளும் குறையும். அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகை பேட்டரி இருந்த இடத்தில் விலை குறைவென்று சாதாரண வகையை வைப்பதும் இதே வீண்செலவில்தான் முடியும்.

நினைவு அழியாமலிருக்க, கழற்றும் முன் வேறொரு சிறு பேட்டரியை இணைத்துக்கொள்ளும் கருவிகள் விற்கின்றன. எனக்கு அதில் நாட்டமில்லை. கழற்றிய பாசிட்டிவ் கேபிளில் அப்போதும் மின்சாரம் இருக்கும். அது தவறிப்போய் உடற்பகுதியில் பட்டால் ஃபியூஸோடு போகுமா, வேறெதையும் கொண்டுபோகுமா என்று சொல்ல முடியாது. சாவியை எடுத்துவிட்டு, எல்லாம் அடங்கச் சிறிது நேரம் காத்திருந்து, நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டும் பழைய முறையே எனக்குப் போதும்.

மூன்றாம் நாள் ஐடிலிங் ஆடாமல் நின்றது. ஓபிடி ஸ்கேனரை மாட்டிப் பார்த்தபோது, ஈசியூ தன் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளைச் சோதித்துக்கொள்ளும் பட்டியலில் பல இன்னும் ‘முடியவில்லை’ என்றே இருந்தன. புகைப் பரிசோதனையில் இந்தப் பட்டியலையும் படித்துப் பார்க்கும் ஊர்களில், பேட்டரி மாற்றிய மறுநாளே வண்டியைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் நகருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டியதில் ஒன்றைத் தவிர மற்றவை முடிந்தன. மீதமிருந்தது பெட்ரோல் ஆவிக் கசிவுச் சோதனை. டேங்க் நிரம்பி வழிய இருந்தால் அது தொடங்கவே தொடங்காது. நான் முந்தின நாள்தான் நிரப்பியிருந்தேன். முள் பாதிக்கு இறங்கிய பிறகு, இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியைக் காலையில் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பியபோது அதுவும் முடிந்திருந்தது.