எந்த ஆலங்குடி?

அரையாண்டு விடுமுறையில் நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ரெண்டு நாளில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். அப்பா, அம்மா, என் வீட்டுக்காரர், நான், ஏழு வயதுப் பையன். ஒன்பதும் டெல்டாவுக்குள்தான். திங்களூர் திருவையாற்றுக்குப் பக்கம், சூரியனார்கோயிலும் கஞ்சனூரும் அடுத்தடுத்து, கடைசியாகக் காரைக்கால் பக்கம் திருநள்ளாறு. தாளில் எழுதிப் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் நாள் சாயங்காலம் பெரிய கோயில், ராத்திரி தஞ்சாவூரிலேயே தங்கல். மறுநாள் வியாழக்கிழமை, அதனால் முதலில் ஆலங்குடி குரு என்று அம்மா சொல்லிவிட்டார். விடுதிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஊறவைத்த கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து மாலை கட்டினார். 108 கடலை. நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார். முடித்ததும் வாழையிலையில் சுற்றி, மேலே ஈரத்துணி.

காலையில் இவர் செல்போனில் ஆலங்குடி என்று போட்டார். முதலில் வந்த ஆலங்குடியைத் தொட்டார். கார் கிளம்பிவிட்டது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா பிறந்ததே வலங்கைமானில். அங்கிருந்து ஆலங்குடி சைக்கிள் மிதிக்கிற தூரம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பொங்கலும் வடையும் உள்ளே போனதும் அவர் பின்சீட்டில் சாய்ந்துவிட்டார். கந்தர்வகோட்டை தாண்டி ஒருமுறை கண் விழித்தார்.

"என்னடா இது, செம்மண்ணா இருக்கு? முந்திரித் தோப்பெல்லாம் வருது?"

"ஷார்ட் ரூட் மாமா," என்றார் இவர்.

"ஓ, சரி மாப்பிள்ளை." மறுபடி குறட்டை.

மார்கழியில் சம்பாப் பயிர் பச்சையாக நிற்க வேண்டிய இடத்தில் முந்திரி நின்றால் சந்தேகம் வரவேண்டாமா? எங்களில் யாருக்கும் வரவில்லை. ஆலங்குடியில் இறங்கி, டீக்கடையில் குரு கோயிலுக்கு வழி கேட்டோம். கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தார்.

"இங்கயும் சிவன் கோயில் இருக்குங்க. ஆனா நீங்க தேடுறது கும்பகோணம் பக்கத்து ஆலங்குடி. இது புதுக்கோட்டை ஆலங்குடி. டீ சாப்பிட்டுப் போங்க, தூரம் நிறைய இருக்கு."

திரும்பி வரும்போது காருக்குள் பேச்சே இல்லை. மாப்பிள்ளையை எப்படித் திட்டுவது? அம்மா கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "பொறந்த ஊருக்கு வழி சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டேன்," என்று அப்பா பக்கம் திரும்பினார். இவர் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. டெல்டாக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அப்பா பேரனிடம், வெண்ணாறு இந்தப் பக்கம்தான் மூணாகப் பிரிகிறது, அதனால்தான் மூணாறு தலைப்பு என்று பெயர், கோரையாறு, பாமணியாறு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தா இவ்வளவு பொறுமையாகக் கதை சொல்கிறாரே என்று நானும் நினைத்தேன்.

ஆலங்குடி போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாகிவிட்டது. இனி நாலு மணிக்குத்தான். சரி, மாலை வாடாமல் இருக்கிறதா பார்ப்போம் என்று அம்மா இலையைப் பிரித்தார்.

ஒரு பக்கம் கடலை. இன்னொரு பக்கம் முழம் நீளத்துக்கு வெறும் நூல்.

பையன் வாயைத் துடைத்துக்கொண்டு தாத்தாவைப் பார்த்தான். அப்பா கோபுரத்தைப் பார்த்தார். அம்மா ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்து எண்ணினார். 61. கேட் திறப்பதற்குள் தாத்தாவும் பேரனுமாக 47 கடலையை முடித்திருந்தார்கள்.

"பச்சைக் கடலைம்மா, உடம்புக்கு நல்லது," என்றார் அப்பா. அன்று முழுக்க அவர் பேசியதிலேயே மோசமான வாக்கியம் அதுதான். நாலு மணிக்குக் கோயில் வாசலில் வேறு மாலை வாங்கிச் சாத்தினோம். மீதி எட்டு கோயில்களில் அந்த முறை பார்த்தது மூன்று.

இப்போது சொந்தக்காரர்கள் கூடினாலே இந்தக் கதைதான். இவர் சொன்னால் செல்போன் மேல் தப்பு. அப்பா சொன்னால் கடலையைத் தொடங்கியது பேரன். பையன் சொன்னால் தாத்தாதான் மாலையை எடுத்து நீட்டினார்.

போன வாரம் வீட்டில் கொண்டைக்கடலைச் சுண்டல். எல்லோருக்கும் கரண்டியால் அள்ளிப் போட்ட அம்மா, அப்பாவுக்கு மட்டும் கையால் எண்ணிப் போட்டார். 61 வந்ததும் பாத்திரத்தை மூடிவிட்டார்.

"மிச்சத்தைத்தான் அன்னைக்கே சாப்பிட்டாச்சே."