அரை பீட் தாமதம்

மார்ச் 2, ஞாயிறு

ஆலயத்தில் காணிக்கை நேரத்தில் தனியாக வயலின் வாசித்தேன். மெதுவான பாட்டு. கடைசி சுரத்தில் வில்லின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஒலி எங்கே முடிந்தது என்று எனக்கே தெரியாதபடி விட்டேன். நன்றாக வந்தது. வந்த கையோடு கண்ணைத் திறந்து, யாராவது அழுகிறார்களா என்று பார்த்தேன். மூன்றாம் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளுக்குள் ஒரு குஷி. அப்புறம் நடந்த ஜெபத்தில் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை.

வாசலில், "ஆண்டவர் இன்றைக்கு உங்களைப் பயன்படுத்தினார்" என்றார்கள். யார் யாரைப் பயன்படுத்தியது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பாடகர் குழுவில் என் முதுகுக்குப் பின்னால் நின்று பேஸ் என்கிற கீழ்க்குரலில் பாடும் பெரியவர் இன்றும் அரை பீட், அதாவது அரைத் தாளத்தட்டு, தாமதம். கனமான, நல்ல குரல். ஆனால் குழு முழுக்கப் பாடி முடித்த பிறகு அவருடைய கடைசி எழுத்து மட்டும் தனியாக வந்து சேரும். ஒத்திகையில் சொன்னால் "சரி தம்பி" என்பார். அடுத்த வரியிலேயே மறுபடியும்.

மார்ச் 5, புதன்

ஞாயிறு நடந்தது மனதை விட்டுப் போகவில்லை. பழைய திருச்சபைத் தந்தை அகஸ்டினுடைய 'அறிக்கைகள்' பத்தாம் பாகத்தை எடுத்துப் படித்தேன். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தன்னை அதிகம் அசைத்துவிட்டால் அது பாவம்தான், அந்த நேரத்தில் பாட்டைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று எழுதுகிறார். கூடவே, மனம் மாறிய புதிதில் ஆலயப் பாடல் கேட்டு அழுததையும் மறைக்கவில்லை. பாடலாம் என்ற பக்கமே சாய்கிறார். ஆனால் இதுதான் என் கடைசித் தீர்ப்பு என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன் என்கிறார். அந்தத் தயக்கத்துக்காகவே அவரைப் பிடிக்கிறது.

சுவிஸ் சீர்திருத்தவாதி ஸ்விங்லிக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. பல வாத்தியங்கள் வாசிக்கத் தெரிந்த மனிதர், 1520களில் சூரிச் ஆலய வழிபாட்டிலிருந்து இசையையே எடுத்துவிட்டார். இசை தெரியாதவர் செய்திருந்தால் கோபப்பட்டிருப்பேன். தெரிந்தவர் செய்ததால் பயமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று. அகஸ்டின் கேட்பவராக எழுதினார். வாசிப்பவன் பாடு வேறு. பாதிப் பாட்டில் தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கி 'ஏ' தந்தி இறங்கும்போது, கடவுளையும் நினைக்க முடியாது, என் பெருமையையும் நினைக்க முடியாது. விரலை எவ்வளவு மேலே நகர்த்தினால் சுருதி சேரும் என்பது ஒன்றுதான் தலைக்குள் இருக்கும். ஒருவேளை நான் சுத்தமாக இருப்பது அந்த ஐந்தாறு நொடிகள்தானோ என்னவோ.

மார்ச் 8, சனி

பாடம் முடிந்து பெட்டியை மூடும்போது மாணவி கேட்டாள்: "சார், இதுதான் என் அழைப்பு என்று எப்படித் தெரியும்?" தினமும் ஸ்கேல் வாசி, பார்க்கலாம் என்று தப்பித்துவிட்டேன். மட்டமான பதில்.

வேதாகமத்தில் கடவுள் கூப்பிட்டபோது சிறுவன் சாமுவேலுக்கே மூன்று தடவை புரியவில்லை. கூப்பிட்டது ஆசாரியர் ஏலி என்று நினைத்து அவரிடம் ஓடினான். யாத்திராகமத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞரைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்து, தம் ஆவியால் நிரப்பியது எதற்கு? பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கு, கல் வெட்ட, மரம் செதுக்க. அதன் பின் வரும் அதிகாரங்கள் வழிபாட்டுக் கூடாரத்துக்கான பலகை, கொக்கி, திரைச்சீலை, எத்தனை முழம் என்றே போகும். சின்ன வயதில் தாவித் தாவிப் படித்த பக்கங்கள்.

ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் கதை இன்னும் வேடிக்கை. ஆலய இசைப் பொறுப்புக்கு லைப்சிக் நகர மன்றம் முதலில் கேட்டது டெலமான் என்ற இசையமைப்பாளரை. அவர் மறுத்தார். அடுத்து இன்னொரு இசையமைப்பாளர், கிராப்னர். அவரை அவருடைய பிரபு விடவில்லை. அதற்கப்புறம்தான், 1723-இல், பாக். தேவ அழைப்பு மன்றக் குறிப்பேட்டில் மூன்றாம் பெயராக வந்திருக்கிறது. இதை அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

பேஸ் பெரியவர் நேற்று இரவு தூக்கத்திலேயே போய்விட்டார். சனிக்கிழமை அடக்கம். வயலின் வேண்டுமாம்.

மார்ச் 15, சனி

அடக்கம் முடிந்து உறையில் பணம் கொடுத்தார்கள். வாங்கக் கூச்சமாக இருந்தது, வாங்கினேன். பாக் 1730-இல் பழைய நண்பருக்கு எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. ஊரில் காற்று ஆரோக்கியமாக இருந்தால் சாவு குறைகிறது, வரும்படியும் குறைகிறது, போன வருஷம் மட்டும் 100 தாலருக்கு (அந்தக் கால வெள்ளி நாணயம்) மேல் போய்விட்டது என்று புலம்புகிறார். அதே கைதான் இசைத்தாளின் தலைப்பில் 'இயேசுவே, உதவும்' என்பதற்கு ஜே.ஜே. என்றும், கடைசியில் 'தேவன் ஒருவருக்கே மகிமை' என்பதற்கு எஸ்.டி.ஜி. என்றும் எழுதியது. இரண்டையும் ஒரே மனிதர் எழுதினார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

வறண்ட காற்றில் தந்திகள் இறங்கிக்கொண்டே இருந்தன. பிருடையில் சாக்பீஸ் தேய்த்துச் சமாளித்தேன். நான்கு சரணமும் ஒழுங்காகப் போனது. கடைசி வரியில் பாடகர் குழு நடத்துநர் கையை மூடினார், குழு ஒரே வெட்டாக நின்றது. நான் நிற்கவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வரவேண்டியது வரட்டும் என்று வில் இன்னும் அரை பீட் போனது. அந்த அரை பீட்டில் ஆலயத்தில் வேறு சத்தமே இல்லை. நடத்துநர் திரும்பி முறைத்தார்.

மார்ச் 22, சனி

மாணவியிடம் மூன்றாம் பெயர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அப்போ முதல் இரண்டு பேருக்கு அழைப்பு இல்லையா சார்?" என்றாள். பதில் இல்லை. ஸ்கேல் வாசிக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ஒத்திகை. பேஸில் புதியவர் சேர்ந்திருக்கிறார், தாளம் கணக்காக நிற்கிறது. இரண்டாம் பாட்டில் நடத்துநர் கோலால் தட்டி நிறுத்தினார். "வயலின், கடைசி சுரத்தை இழுக்காதீர்கள்."

சரி ஐயா என்றேன். அடுத்த வரியிலேயே மறுபடியும்.