பக்க விளைவு

மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை, அந்த எறும்பு எழுத்தை, இன்றுதான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். தலைசுற்றல், வாய் உலர்தல், இத்யாதி.

உடனே நினைவுக்கு வந்தது ஈனாவிட் என்ற பழைய மாத்திரை.

1957இல் அமெரிக்காவில் அந்த மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது மாதவிடாய்க் கோளாறு போன்றவற்றுக்கு மட்டும்தான். ஆனால் கூடவே, இது கருமுட்டை வெளியாவதைத் தடுக்கும் என்று ஓர் எச்சரிக்கை.

எச்சரிக்கையாம்!

அதைப் படித்த பெண்களுக்கு அதுதான் விளம்பரம். திடீரென்று ஏகப்பட்ட பெண்களுக்கு மாதவிடாய்க் கோளாறு வந்துவிட்டது, டாக்டர்களும் ஒன்றும் கேட்காமல் எழுதிக் கொடுத்தார்கள்.

கருத்தடை மாத்திரை என்றே அனுமதித்தது 1960இல். சரி, அதோடு முடிந்ததா? கனெக்டிகட் மாநிலத்தில் கணவன் மனைவியே கருத்தடை மாத்திரையோ சாதனமோ பயன்படுத்துவது 1965 வரை குற்றம். கல்யாணமாகாதவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1972இல்.

சட்டம் மாறினால்தான் மனசு மாறும் என்று நினைத்திருந்தேன். இங்கே மனசு எப்போதோ மாறிவிட்டது, வாய்விட்டுச் சொல்லத்தான் ஒரு பொய் நோய் தேவைப்பட்டிருக்கிறது.

டாக்டர் அறையில் அந்தப் பொய்யை இரண்டு பேரும் எப்படிச் சிரிக்காமல் பேசி முடித்தார்களோ!